நாகமணிக்குப் பிணை நிற்க யார் வருகிறீர்கள்?

(1998ஆம் ஆண்டு, வெள்ளவத்தையில் ஒரு நலன்புரிச் சங்கத்தின் ஆண்டு விழாவில் தமிழாசிரியர் பூபாலசிங்கம் ஆற்றிய உரை)

அவைக்குத் தலைமை ஏற்று, ஆளுக்கொரு திசையில் சிதறிக் கிடக்கும் எங்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு கூரையின் கீழ்க் கூட்டிவைக்கும் சங்கத் தலைவர், மதிப்புக்குரிய நவரத்தினம் அவர்களே, கடல் கடந்து சென்றும் கன்னித் தமிழை மறவாது எங்களைக் காண வந்திருக்கும் பிரதம விருந்தினர், பொறியியலாளர் சவுந்தரநாயகம் அவர்களே, முதுமையும் முதிர்ச்சியும் ஒருங்கே துலங்க முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பெற்ற பிள்ளைகளைப் பிற தேசங்களுக்கு அனுப்பிவிட்டு, தொலைபேசி மணி ஒலிக்காதா என்று ஏங்கியிருக்கும் எங்கள் தாய்மார்களே, கொட்டாஞ்சேனை விடுதி அறைகளிலிருந்து புறப்பட்டு, சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி ஏறி, அடையாள அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இந்த மண்டபம் வந்து சேர்ந்திருக்கும் இளைஞர்களே, இருக்கை கிடைக்காமல் பின்சுவரில் சாய்ந்து நிற்கும் என் அன்பு உறவுகளே, உங்கள் அத்தனை பேரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

இன்று பேசுமாறு எனக்குத் தந்த தலைப்பு, "தமிழரின் விருந்தோம்பல்". அழகான தலைப்பு. அன்னமும் தண்ணீரும் அன்பும் மணக்கிற தலைப்பு. அதற்காக ஒரு வாரம் இருந்து ஓர் உரை எழுதினேன். அந்த உரையை இன்று நான் பேசப்போவதில்லை.

ஏன் என்று கேட்கிறீர்களா?

எனக்கு முன்னே இந்த ஒலிவாங்கியின் முன் நின்று பிரதம விருந்தினர் பேசினார். நீங்களும் கேட்டீர்கள், நானும் கேட்டேன். அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் திருப்பிச் சொல்கிறேன். "வாற அகதிகள் எங்கையிருந்து வருகினம் எண்டு இப்ப வெளிநாட்டு அரசாங்கங்கள் வடிவாப் பாக்குது. உண்மையா அடிபட்டவை யாழ்ப்பாணத்துச் சனம். இப்ப தோட்டத்து ஆக்கள், அந்த ஆக்கள் இந்த ஆக்கள் எண்டு எல்லாரும் அகதி எண்டு வெளிக்கிடுறதாலை எங்கட பேர் கெட்டுப்போகுது." இதுதான் அவர் சொன்னது. நீங்கள் என்ன செய்தீர்கள்? கைதட்டினீர்கள். இந்த மண்டபத்தின் மின்விசிறிகளின் இரைச்சலையும் மீறி எனக்கு அந்தக் கைதட்டல் கேட்டது.

எங்கிருந்து வருகிறார்கள்? நல்ல கேள்வி. நாடுகள் கேட்கின்றன, நாகரிகமான அலுவலகங்கள் கேட்கின்றன, நடுவீதியில் துவக்கோடு நிற்கும் சிப்பாய் கேட்கிறான். இன்று நாங்களும் கேட்கத் தொடங்கிவிட்டோம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

இங்கே, இந்த வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் ஒரு சாப்பாட்டு மெஸ் இருக்கிறது. மனைவி ஒரு தேசம், மக்கள் ஒரு தேசம் என்று போய்விட, என்னைப் போலத் தனித்துக் கிடக்கும் ஆண்பிள்ளைகள் அங்கேதான் சாப்பிடுகிறோம். அந்தச் சமையலறையில் எங்களுக்குச் சோறு வடிக்கிறவர் இராமலெட்சுமி. காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருவார். சொதி வைத்து, புட்டு அவித்து, பகலுக்குக் கறி கூட்டி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பொழுது படுமுன் திரும்பிவிடுவார். அவருக்கு உலகத்தில் மிஞ்சிய உறவு ஒரே ஒரு மகள். பெயர் நாகமணி. கொட்டாஞ்சேனையில் ஒரு தையற்கடையில் சட்டை தைக்கிறாள். தாயும் மகளும் ஒரு விடுதியின் மாடிப்படிக்குக் கீழே, பலகை அடித்து மறைத்த ஓர் அறையில் வாழ்கிறார்கள். அறை என்று சொல்கிறேன். அதற்குள் நிமிர்ந்து நிற்க முடியாது.

இராமலெட்சுமி பிறந்தது இரத்தினபுரிப் பக்கத்தில் ஓர் இறப்பர்த் தோட்டத்தில். அவருடைய தாத்தா இந்தியாவிலிருந்து கூலிக்கு அழைத்துவரப்பட்டவர். தாத்தா காடு வெட்டினார். தகப்பன் இறப்பர் மரத்தில் பால் வெட்டினார். பேத்தி பால்வாளி சுமந்தார். மூன்று தலைமுறையின் வேர்வை அந்த மண்ணில் விழுந்தது. ஆனால் சுதந்திரம் வந்த கையோடு வந்த சட்டத்தின் கண்ணில் அந்தக் குடும்பத்துக்கு நாடே இல்லை. வாக்கில்லை, வழக்கில்லை, வாய்திறக்க உரிமையில்லை. இந்தத் தீவின் பெருந்தலைவர்கள் பலர் சேர்ந்து கைதூக்கி நிறைவேற்றிய காரியம் அது. எங்கள் தலைவர்கள் சிலருடைய கையும் அதில் உயர்ந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். யாரது, "பழங்கதை" என்கிறவர்? பழங்கதைதான் ஐயா. ஆனால் அந்தப் பழங்கதைக்குள் ஒரு பெண் இன்னமும் வாழ்ந்துகொண்டிருக்கிறாள்.

எழுபத்தேழாம் ஆண்டு ஆவணி மாதம். இராமலெட்சுமிக்குக் கல்யாணமான புதிது. கணவர் வேலுசாமி, அதே தோட்டத்துப் பிள்ளை. ஒரு பகல் பக்கத்துச் சிங்கள ஊரிலிருந்து ஒரு கூட்டம் வந்து, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு நெருப்பு வைத்தது. தாலியின் மஞ்சள் மங்காத அந்தப் பெண், இறப்பர் மரங்களுக்கு நடுவில் புருஷனோடு குப்புறக் கிடந்து, தன் வீட்டுத் தகரம் வெடிக்கிற சத்தத்தைக் கேட்டாள். பிறகு எங்கள் தொண்டர்களின் லொறி வந்தது. ஏற்றினார்கள். வவுனியாவுக்குப் பக்கத்தில் ஒரு காட்டோரம் இறக்கினார்கள். "இது தமிழர் பூமி, இங்கை உங்களை ஆரும் கலைக்கமாட்டினம்" என்று சொன்னார்கள்.

நம்பினார்கள். ஏன் நம்பமாட்டார்கள்? தமிழர் சொன்னார்கள், தமிழர் நம்பினார்கள். காட்டை வெட்டினார்கள், கல்லைப் பொறுக்கினார்கள், கிணறு தோண்டினார்கள், கச்சான் கடலை போட்டார்கள். நாகமணி அந்த மண்ணில்தான் பிறந்தாள். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் படை வந்தது. அந்தக் குடியிருப்பும் எரிந்தது. மறுபடி மூட்டை, மறுபடி நடை. வடக்கே வடக்கே என்று நடந்து கிளிநொச்சிக்குப் போனார்கள். அங்கே யாருக்கோ சொந்தமான வயலில் வேலை. யாருக்கோ சொந்தமான வளவில் ஒரு கொட்டில். அந்த ஊர்க்காரர் கிணற்றில் தண்ணீர் அள்ள விடவில்லை என்று இராமலெட்சுமி எனக்குச் சொன்னார். இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் வரவில்லை. எனக்கு வந்தது. இன்றும் அது அடங்கவில்லை. இராணுவம் எரித்ததைச் சொன்னால் கைதட்டுவீர்கள். கிணற்றை மறித்தது யார்? அதற்கு ஏன் இந்த மண்டபம் மௌனமாக இருக்கிறது?

தொண்ணூற்றாறில் கிளிநொச்சி மீது செல் மழை பொழிந்தது. சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு அக்கராயன் பக்கமாக ஓடியது. பாதி வழியில் வேலுசாமி நின்றாராம். கொட்டிலில் ஒரு பசு கட்டிக் கிடந்தது. கட்டை அவிழ்த்துவிடாமல் வந்துவிட்டோமே, கட்டினபடி எரிந்து சாகுமே என்று அவருக்கு மனம் கேட்கவில்லை. "நீங்க நடங்க, நா அவுத்துவுட்டுட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். மறுநாள் அந்தப் பசு ரோட்டோரம் மேய்ந்துகொண்டிருந்ததை ஆட்கள் கண்டார்கள். செல் பட்டுச் செத்துக் கிடந்த வேலுசாமியைக் கிடங்கு வெட்டி அங்கேயே மூடிவிட்டார்கள். மனைவிக்கு முகம் காட்டக்கூட அவகாசம் இருக்கவில்லை.

தாயும் மகளும் வவுனியா முகாமுக்கு வந்தார்கள். அங்கே நெடுநாள் அடைபட்டுக் கிடந்து, பயண அனுமதிப் பாஸ் கிடைத்துக் கொழும்புக்கு வந்தார்கள். வந்து எங்களுக்குச் சோறு வடிக்கிறார்கள். விருந்தோம்பலைப் பற்றி நான் பேச வேண்டுமாம். எங்களை ஓம்புகிறவர் அவர். நாங்கள் அவரை ஓம்பிய இலட்சணத்தை இனித்தான் கேட்கப்போகிறீர்கள்.

போன வருடம் ஒரு வெளிநாடு, போரில் குடும்பத்தலைவனை இழந்த பெண்களையும் பிள்ளைகளையும் இங்கிருந்தே நேராக அழைத்துக் குடியேற்றுவதாக அறிவித்தது. நாட்டின் பெயர் வேண்டாம். காரியம் இன்னும் முடியவில்லை. மெஸ்ஸில் சாப்பிடுகிற நாங்கள் சிலர் சேர்ந்து இராமலெட்சுமிக்கும் விண்ணப்பம் போட்டோம். நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. மகள் தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க எங்கள் ஆள் ஒருவர். யாழ்ப்பாணத்தவர், படித்தவர். பெயரைச் சொல்லி அவருடைய பிள்ளைகளைத் தலைகுனிய வைக்க நான் விரும்பவில்லை.

அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டது, நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று. நாகமணிக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். எங்கள் ஆள் அதைத் தமிழில் எப்படிக் கேட்டார் தெரியுமா? "உங்கட பூர்வீகம் எங்கை?"

கவனியுங்கள். கேட்டது ஒன்று, கேட்பித்தது ஒன்று. இந்த மண்டபத்தில் இருக்கும் உங்களில் யாரிடமாவது, குண்டுக்குப் பயந்து ஓடிவந்த நாளில், உன் பாட்டனின் பாட்டன் எந்தக் கப்பலில் வந்தான் என்று யாராவது கேட்டதுண்டா? உடுப்பிட்டியான் வந்தால் உடுப்பிட்டி என்று எழுதுவார். மானிப்பாயான் வந்தால் மானிப்பாய் என்று எழுதுவார். இராமலெட்சுமி வந்தால் மட்டும் ஏன் ஐயா பூர்வீகம் நினைவுக்கு வருகிறது?

கேட்ட கேள்விக்கு அந்தப் பெண் மரியாதையாகப் பதில் சொன்னார். "இந்தியாவுல, புதுக்கோட்டப் பக்கம்னு தாத்தா சொல்லுவாருங்க." எங்கள் ஆள் அதிகாரி பக்கம் திரும்பி ஒரே ஒரு சொல் சொன்னார். இந்தியா. தாயின் கையை நாகமணி பிடித்து இழுத்தாள், வாய் திறக்கப் பார்த்தாள். உன்னிடம் கேட்கவில்லை என்று எங்கள் ஆள் அவளை அடக்கிவிட்டார்.

முடிவு அறியப் போன அன்று வாசலில் நின்ற சிங்கள எழுதுவினைஞர்தான் விஷயத்தைச் சொன்னார். இராமலெட்சுமி இரத்தினபுரியில் பிறந்தவர், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. "அக்கே, நீங்கள் இந்தியாக்காரர் என்றல்லவா எழுதியிருக்கிறது, இந்த நாட்டுச் சண்டையோடு உங்களுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள்" என்று அவர் சிங்களத்தில் சொன்னார். சொல்லிவிட்டு, பாவம் அந்த மனிதர், வெய்யிலில் நின்ற இராமலெட்சுமிக்குக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தாராம். கேட்டீர்களா? தமிழன் தவறாகச் சொன்னதைச் சிங்களவர் ஒருவர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேட்க உங்களுக்கும் வெட்கமாக இருக்கட்டும்.

அன்று பகல் மெஸ்ஸில் குழம்பில் உப்பில்லை. என்ன இராமலெட்சுமி என்று கேட்டபோதுதான் இந்தக் கதை முழுவதும் எனக்குத் தெரியவந்தது.

பிறகு இந்தக் காரியத்தை நிமிர்த்தியவர் யார்? எங்கள் சங்கமா? எங்கள் பெரிய மனிதர்களா? இல்லை. மாளிகாவத்தைத் தொடர்மாடியில் இருக்கும் ஸைனம்பு ரீச்சர். நாகமணியிடம் சட்டை தைக்கக் கொடுக்கிறவர். ஆங்கிலம் படிப்பிக்கிறவர். அளவு கொடுக்க வந்த இடத்தில் பிள்ளையின் வாடிய முகத்தைக் கண்டு, என்ன மகள் என்று கேட்டு, விஷயத்தை அறிந்து, அந்த வெளிநாட்டு அலுவலகத்துக்குத் தானே நேரில் போய் முறையிட்டார். கேள்வி பிழையாகக் கேட்கப்பட்டது, மறுபடி கேளுங்கள் என்று வாதாடினார். ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். மறுமுறை போனார். கடைசியில் இன்னொரு நேர்முகத்துக்கு நாள் கொடுத்தார்கள், ஸைனம்பு ரீச்சரே மொழிபெயர்க்கவும் சம்மதித்தார்கள். உள்ளே போகுமுன் அவர் இராமலெட்சுமியிடம் சொன்ன வார்த்தை இது. "நீங்க பயப்பட வாணாம். நீங்க சொல்றதுல ஒரு சொல்லு கூட்டவும் மாட்டன், கொறைக்கவும் மாட்டன்."

அதே அதிகாரி. அதே கேள்வி. இம்முறை கேள்வி கேள்வியாகவே போய்ச் சேர்ந்தது. இராமலெட்சுமி சொன்ன பதிலை ஸைனம்பு ரீச்சர் எனக்குச் சொன்னார். தாய்மார்களே, நீங்கள் கேளுங்கள்.

"எங்கேருந்து வாறேன்னு கேக்குறீங்க. இரத்தினபுரியில லயத்துக்கு நெருப்பு வச்சாங்க, அங்கேருந்து வாறேன். வவுனியாவுல கச்சான் புடுங்குற நேரம் பாத்து வந்து எரிச்சாங்க, அங்கேருந்து வாறேன். கிளிநொச்சியில எம் புருசன் மாட்ட அவுக்கப் போனாரு, அவர வுட்டுட்டு அங்கேருந்தும் வாறேன். முன்ன பூர்வீகத்தக் கேட்டாங்க, தாத்தா ஊரச் சொன்னேன். அந்த ஊர நாங் கண்ணால பாத்ததில்லீங்க."

அதிகாரி கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டிருந்துவிட்டு, இதில் எதை உங்கள் ஊர் என்று நான் போடட்டும் என்று கேட்டாராம்.

"ஒங்களுக்கு எது தோதோ அதப் போடுங்கம்மா. எல்லா எடத்துலயும் வேல செஞ்சிருக்கேன்" என்று சொன்னார் இராமலெட்சுமி.

என் உடன்பிறந்தாரே, உலகத்து மேடைகளில் எல்லாம் எங்கள் உரிமையைப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊர் என்றால் என்ன, உரிமை என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாக யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

இந்த மாதம் பிறந்ததும் நல்ல செய்தி வந்தது. தாயும் மகளும் தெரிவாகிவிட்டார்கள். மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது. வருகிற வியாழக்கிழமை விமானம். அந்தச் செய்தி வந்த அன்று மெஸ்ஸில் யாரும் கேட்காமலே எல்லோருடைய தட்டிலும் வடை விழுந்தது. மெஸ் முதலாளி பார்த்தும் பாராதவர்போல இருந்தார். "அங்கிட்டுக் குளிராமே மாஸ்டர், இந்தப் புள்ள தாங்குமா" என்று இராமலெட்சுமி என்னிடம் கேட்டார். அந்த முகத்தில் நான் சிரிப்பைக் கண்டது அன்றுதான் முதல் தடவை.

இதோடு என் கதை முடிந்திருந்தால், நான் எழுதி வந்த உரையையே வாசித்துவிட்டு இறங்கியிருப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், கொட்டாஞ்சேனையில் சுற்றிவளைப்பு. தையற்கடைக்குள் பொலிசார் நுழைந்தார்கள். நாகமணி இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தாள். "கம கொஹேத?" என்று கேட்டார்கள். ஊர் எது என்று. மறுபடி அதே கேள்வி, பாருங்கள். அவள் பொய் சொல்லவில்லை. அடையாள அட்டையில் இருந்த ஊரைச் சொன்னாள். கிளிநொச்சி. அந்தச் சொல் போதும். கடைக்காரர் தன் வாக்கைக் கொடுத்தார், கேட்கவில்லை. விடுதி முகவரியில் பதிந்த பொலிஸ் பதிவை அவள் காட்டினாள், கேட்கவில்லை. பாதி தைத்த சட்டை இயந்திரத்தின் ஊசிக்கடியில் கிடக்க, பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள்.

இப்போது என் கோபத்தின் அடியாழம் எது என்று உங்களுக்குப் புரிகிறதா? பாதுகாப்புத் தேடிப் போன இடத்தில் இவர்கள் இந்தியர். பிடித்து அடைக்கிற இடத்தில் இவர்கள் கிளிநொச்சியார். உதவி கேட்டு வருகிற இடத்தில் இவர்கள் தோட்டத்தார். வாழ்வதற்கு ஊர் இல்லை, வாக்களிக்க ஊர் இல்லை, விசாவுக்கு ஊர் இல்லை. விலங்கு மாட்டுவதற்கு மட்டும் ஊர் இருக்கிறதா? அடி வாங்குகிறபோது மட்டும் தமிழர், அணைத்துக்கொள்கிறபோது அந்நியரா? இது எந்த நீதி? எந்த நியாயம்? எந்தத் தமிழ்? இந்த மண்டபத்துக்குள் குறிப்பெடுக்கிற காதுகளும் இருக்கலாம். எடுக்கட்டும். என் பெயர் பூபாலசிங்கம். வீடு இதே வெள்ளவத்தையில்தான்.

நீதவான் முன் நிறுத்தினார்கள். குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. கொழும்பில் சொந்த வீடும் நிரந்தர முகவரியும் உள்ள இருவர் பிணை நின்றால் திங்கட்கிழமை விடுவிக்கலாம், பயணத்துக்கும் தடையில்லை என்று நீதவான் சொல்லியிருக்கிறார். நிற்காவிட்டால் விளக்கமறியல் சிறை நீளும். வியாழக்கிழமை விமானம் போய்விடும். இன்னொரு முறை எப்போது என்று அந்த அலுவலகத்துக்கே தெரியாது. ஒருவர் நான். இன்னும் ஒருவர் வேண்டும். தாய் நிற்கமுடியாது, அவருக்கு முகவரி மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. ஸைனம்பு ரீச்சர் நிற்கத் தயார். அவர் இருப்பதோ தமையனின் பெயரில் இருக்கும் வீடு, அது செல்லாது என்று சட்டத்தரணி சொல்லிவிட்டார்.

முந்தாநாள் மாலை எங்கள் சங்கத்தின் செயற்குழுவில் இதை நான் எடுத்துச் சொன்னேன். சொந்த வீடுகளின் சொந்தக்காரர்கள் சுற்றிவர இருந்தார்கள். ஒருவர் சொன்னார், "மாஸ்டர், பிணை நிண்டால் பிறகு எங்களையெல்லே தேடி வருவாங்கள்." அந்தப் பயத்தை நான் பழிக்கமாட்டேன். இந்த ஊரில் கதவு தட்டப்படுகிற சத்தத்துக்கு அஞ்சாத தமிழன் இல்லை. ஆனால் இன்னொருவர் சொன்னார், "அது தோட்டத்துப் பெட்டை. அவையளுக்கெண்டு வேற ஆக்கள் இருக்கினம்தானே. எங்கட சங்கம் ஏன் தலையிடவேணும்?" இந்த வார்த்தையை நான் பழிக்கிறேன். இந்த மேடையில், இந்தக் குத்துவிளக்கின் முன்னால் நின்று, ஓங்கிப் பழிக்கிறேன்.

தலைவர் மணியடிக்கிறார். அடியுங்கள் ஐயா, உங்கள் கடமை அது. நேரம் முடிந்தது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கும் நேரம் முடிந்துகொண்டுதான் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

விருந்தினர் எழும்புகிறார். இருங்கள் ஐயா, இருந்து கேட்டுவிட்டுப் போங்கள். உங்களை அவமதிக்க நான் இங்கே வரவில்லை. நீங்கள் எழுபத்துநான்கில் பல்கலைக்கழகம் படிக்க வெளிநாடு போனீர்கள். எண்பத்துமூன்றில் கொழும்பு எரிந்தபோது நீங்கள் அங்கே குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். ஊர் எரிகிறது என்று சொல்லி அங்கே வதிவிட உரிமை பெற்றதாகச் சற்றுமுன் நீங்களே சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். நாங்களும் சிரித்தோம். அதில் பிழை காண நான் யார்? ஆனால் ஒன்றைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. எரிந்த நெருப்பைக் காட்டி நீங்கள் அங்கே வீடு கட்டினீர்கள். அந்த நெருப்புக்குள்ளே கிடந்தவள் கதவைத் தட்டுகிறபோது, நீ எங்கள் அகதி இல்லை என்று சொல்ல உங்களுக்கு எப்படி ஐயா வாய் வந்தது?

எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். எரிந்த லயத்திலிருந்து வருகிறார்கள். மறித்த கிணற்றிலிருந்து வருகிறார்கள். முகம் காட்டாமல் மூடிய கிடங்கிலிருந்து வருகிறார்கள். சிங்களவன் விரட்டி வருகிறார்கள், தமிழன் தள்ளி வருகிறார்கள். எங்கள் செயற்குழுக் கூட்டங்களிலிருந்தும் வருகிறார்கள், பெரியோர்களே. ஓர் அகதி ஒரு நாட்டிலிருந்து வருவதில்லை. கைவிட்ட மனிதரிடமிருந்து வருகிறார். நாளைக்கு ஏதோ ஒரு தேசத்தில், ஏதோ ஓர் அலுவலகத்தில், நாகமணியிடம் நீ எங்கிருந்து வந்தாய் என்று மறுபடி கேட்பார்கள். அப்போது அவள் எங்களைப் பற்றி என்ன சொல்லவேண்டும் என்று நினைக்கிறீர்கள்? வெள்ளவத்தையில் ஒரு மண்டபம் நிறையத் தமிழர் இருந்தார்கள், விழா நடந்தது, பொன்னாடை போர்த்தினார்கள், பிணை நிற்க ஒருவர் வரவில்லை என்று சொல்லட்டுமா?

கைதட்டாதீர்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள். சற்றுமுன் நீங்கள் அவருக்கும் தட்டினீர்கள். எனக்குக் கைதட்டல் வேண்டாம். ஒரு கை வேண்டும். நீதிமன்றத்தில் கையெழுத்துப் போடுகிற ஒரு கை.

யார் வருகிறீர்கள்?

முன்வரிசை குனிந்திருக்கிறது. பரவாயில்லை, நான் காத்திருக்கிறேன்.

நடுவில் பெண்கள் பக்கம் யாரோ எழும்புகிறார்கள். அம்மா, நீங்களா? வழிவிடுங்கள், அவர் பேசட்டும். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது, அம்மா சொல்வதை நான் இந்த ஒலிவாங்கியில் சொல்கிறேன். பெயர் அன்னபாக்கியம். தண்டவாளப் பக்கம் வீடு. சொந்த வீடு. கணவர் தபாற் கந்தோரில் இருந்து காலமானவர். பக்கத்தில் மகனாக இருக்கவேண்டும், சேலையைப் பிடித்து இருங்கோ இருங்கோ என்கிறார். அம்மா அவருடைய கையை எடுத்துவிட்டுவிட்டார். என்னம்மா? சத்தமாகச் சொல்லுங்கள்.

"எனக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது மாஸ்டர். எத்தினை மணிக்கு வரவேணும்?" என்று கேட்கிறார்.

நண்பர்களே, எந்த ஊர்ப் பிள்ளை என்று அவர் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, புதுக்கடை நீதிமன்ற வாசலில், அம்மா. அடையாள அட்டையும் வீட்டு உறுதிப் பத்திரமும் கொண்டுவாருங்கள். நான் உங்கள் வீட்டுக்கே வந்து ஓட்டோவில் கூட்டிப்போகிறேன். பின்னால் இன்னும் இரண்டு பேர் கை உயர்த்துகிறீர்கள், காண்கிறேன். பிணைக்கு இருவர் போதும். ஆனால் நீங்களும் வாருங்கள். அந்தத் தாய் இத்தனை நாளும் அந்த வாசலில் தனியே நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் போய் நிற்க ஆள் தேவை.

மணியடித்தும் என்னைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், எழுந்த பிறகும் திரும்ப அமர்ந்து கேட்ட விருந்தினருக்கும், கசப்பைக் கொட்டியும் கலையாமல் இருந்த அவைக்கும் நன்றி சொல்கிறேன். எழுந்து நின்ற அன்னபாக்கியம் அம்மாவுக்கு, இந்த மேடையிலிருந்து இறங்கி வந்து நன்றி சொல்கிறேன். எல்லோருக்கும் என் வணக்கம்.